சத்தம் போடாத கேமரா

லென்ஸ் மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய அக்கா மகள். மூன்று வயதில் அவருடைய தோள்பையைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "இது என்ன?" என்று கேட்டாள். ஆறு தடவை கேட்டாள், ஆறு தடவையும் ஒரே பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் லென்ஸ் மாமா. கல்யாண வீடுகளில் படம் எடுப்பதுதான் தொழில் என்பதால் பெயர் அங்கேயும் பரவிவிட்டது. இப்போது மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஐம்பத்திரண்டு வயதில், லென்ஸைக் கழற்றவே முடியாத ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அளவென்னவோ உள்ளங்கை அளவுதான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முன்னால் ஒரே ஒரு லென்ஸ், பசை போட்டு ஒட்டியதுபோல் நிற்கும். ஜூம் என்ற பேச்சே கிடையாது. முகம் பெரிதாக வர வேண்டுமா, நடந்து கிட்டே போக வேண்டும். எல்லாரும் வர வேண்டுமா, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பாட்டரி அரை நாளில் நாக்கைத் தள்ளிவிடும், தூறல் பட்டால் ஆகாது. இத்தனை குறையையும் வைத்துக்கொண்டு விலை மட்டும் பெரிய கேமராவோடு போட்டி போட்டது. மனைவியிடம் அவர் அதில் பாதியைத்தான் சொன்னார்.

ஆனால் மாமா அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து பெரிய பையைத் தொடவில்லை. தோள்வலி விட்டது என்பது ஒரு பக்கம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய சரக்கு இருந்தது. அகலமாக எடுத்துவைத்தால் போதும். அப்புறம் கம்ப்யூட்டரில் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம், பாதியை வெட்டிப் போட்டாலும் சுவரில் மாட்டும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். "எடுக்கும்போது எல்லாத்தையும் எடு, வேண்டாததை வீட்ல வந்து வெட்டு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். ஒற்றைக் கையால் எடுக்கலாம், இன்னொரு கை சும்மா இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சத்தம் போடாது. 'க்ளிக்' என்று ஒரு போலிச் சத்தம் வைத்துக்கொள்ள வசதி உண்டு. மாமா முதல் நாளே அதை அணைத்துவிட்டார். சத்தம் கேட்டால்தானே மனிதர்கள் விறைத்துக்கொள்கிறார்கள்! மற்றதெல்லாம் போகட்டும், அவரைக் கவிழ்த்தவை அவர் பெருமையடித்த இந்த மூன்றும்தான்.

அக்கா மகளுக்குப் பதிவுத் திருமணம் என்று முடிவானபோது, அத்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாட்சிக் கையெழுத்து அவர்தான் போடுவார், நின்றுகொண்டுதான் போடுவார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது காலையும் பேச்சையும் பிடித்துக்கொண்டது. பேச்சு பாதி திரும்பியது, கால் திரும்பவில்லை. "எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன் மாப்ளே. இப்ப... என்னைத் தூக்க... ஆள் வேணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மைத்துனனை அவர் எப்போதும் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்.

தூக்க வந்த ஆள், ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'சிஸ்டர்'. முப்பத்தைந்து வயதிருக்கும், வெளிர்நீலச் சீருடை, அளந்துதான் பேசுவாள். அவளிடம் ஒரு கித்தான் பட்டை உண்டு. அத்தான் எழுவதற்கு முன் அதை அவர் இடுப்பில் கட்டி, பின்பக்கத்து வளையத்தில் கையை நுழைத்துக்கொள்வாள். "பட்டையில என் கை இருக்கற வரைக்கும் ஐயா விழ மாட்டாரு" என்பாள். அவள் சொல்கிற மிக நீளமான வாக்கியமே அதுதான். மூன்று மாதம் தினமும் பழக்கினாள். அக்கா அடுப்பில் பாலை வைத்ததும் அத்தான் எழுந்து நிற்பார், பால் பொங்கும்வரை நிற்க வேண்டும். முதல் வாரம் பால் சூடேறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் மாதம் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, மனிதர் நின்றுகொண்டே இருந்தார். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

பதிவு அலுவலக வாசலில் காவலாளி பெரிய கேமராக்களை உள்ளே விடவில்லை. வேறு கல்யாணத்துக்கு வந்த ஒரு ஆள் பையோடு வெளியே நின்று முனகிக்கொண்டிருந்தார். மாமா சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கணத்தில் அவருக்கு இருந்த மிதப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

அறை சின்னது. நடுவில் மேஜை, அதன் மேல் பெரிய பதிவேடு, பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் இரும்பு பீரோ. மாமா பீரோவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார், கைப்பிடி முதுகில் குத்தியது. மேஜையின் எதிர்ப்புறத்தில் சக்கர நாற்காலியில் அத்தான், நாற்காலியைப் பிடித்தபடி அக்கா, பக்கத்தில் சிஸ்டர். பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள்.

"சாட்சி யாரு?" என்றார் அதிகாரி, பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தான் எழுந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் பாதியில் விழுந்தது. ஆயிரம் கல்யாணம் பார்த்த மாமாவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனவருக்கு அத்தானின் இடுப்பில் ஒரு கை தெரிந்தது. வெளிர்நீலச் சட்டைக்கை, பட்டையைப் பிடித்த விரல்கள். தன் காலில் நிற்கிற மனிதரின் படத்தில் அவரைத் தாங்கிப் பிடிக்கிற கை! ஓரத்தில் யார் நின்றாலும் அப்புறம் வெட்டிவிடலாம். இடுப்பில் இருக்கிற கையை எப்படி வெட்டுவது? முன்னே போக மேஜை இடித்தது. பழைய கேமராவாக இருந்தால் ஜூமைத் திருகி முகத்தையும் பேனாவையும் மட்டும் இழுத்திருப்பார். இதில் அறை முழுக்கத்தான் வரும்.

வலது கையில் கேமரா இருந்தது. சும்மா இருந்த இடது கையை நீட்டி, தள்ளிப் போங்கள் என்று சிஸ்டருக்குச் சைகை காட்டினார்.

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

மாமா மறுபடியும் கையை வீசினார். ஒரே நிமிஷம், ஒரே படம் என்று விரலால் காட்டினார். கொஞ்சம் அதட்டலாகவே காட்டினார். கல்யாண வீடுகளில் பெண்ணின் அப்பாவையே அதட்டி நகர்த்தும் கை அது. சிஸ்டர் பட்டையிலிருந்து விரல்களை எடுத்தாள். இரண்டடி பின்னால் போய் ஜன்னலோரம் நின்றாள்.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் அப்பாவின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா நீட்டிய கையை மடக்காமலே எடுத்தார். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று எடுப்போம் என்று எடுத்தார். அத்தான் நிமிர்ந்தார், அதையும் எடுத்தார். பதினொரு படம். அறையில் பேனா கீறுகிற ஓசை மட்டும்தான் கேட்டது.

கையெழுத்தை முடித்து பேனாவை வைத்துவிட்டு அத்தான் மகளைப் பார்க்கத் திரும்பினார். இடது முழங்கால் மடிந்தது. சிஸ்டர் பாய்ந்தாள். அவள் கைக்குப் பட்டை எட்டவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அக்கா சிஸ்டரின் முன்னால் போய் நின்றாள். "உன்னை நம்பித்தானே விட்டேன். எத்தனை தடவை சொல்லியிருப்பே, கை இருந்தா விழ மாட்டாருன்னு? அப்ப எதுக்குக் கையை எடுத்தே?"

சிஸ்டர் திரும்பி மாமாவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ஒரு ஆள் வாயைத் திறப்பதற்குக் காத்திருக்கிற பார்வை.

மாமா குனிந்தார். கேமராவின் அடிப்பக்கத்தைத் திறந்து பாட்டரியைக் கழற்றி, பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். முதல் பாட்டரி தீர்ந்திருக்கவில்லை.

"என் தப்புதாம்மா" என்றாள் சிஸ்டர்.

சொல்லக் கூடாது என்று அவர் திட்டம் போடவில்லை. அக்கா கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தார். ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தார். அதற்குள் அக்கா ஏஜென்சிக்குப் புகார் எழுதிவிட்டாள். எழுதியாகிவிட்டதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார். இப்படி ஒவ்வொரு நாளாகப் பூசி மெழுகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அக்கா பரிமாறிக்கொண்டே சிஸ்டரைத் திட்டுவாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டால் "போடுக்கா" என்பார். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் இறங்கியது.

ஆறாவது வாரம் அக்கா சொன்னாள். "டேய் தம்பி, அவர் நின்னாரே, அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் கொடு. படுக்கைக்கு எதிர்ல மாட்டணும். மனுஷன் சுவரையே பார்த்துட்டுக் கிடக்கறார். தான் நின்னதையாவது பார்க்கட்டும்."

மாமா அன்று மாலை கம்ப்யூட்டரில் பதினொரு படங்களையும் திறந்தார். அதுவரை அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. நாலாவது படம்தான் படம். அத்தான் நிமிர்ந்து நிற்கிறார், வெளிச்சம் அந்த உதட்டுக் கோணலைக்கூட அழகாக்கியிருக்கிறது. அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது என்று அவர் மனம் வெட்கமில்லாமல் சொன்னது.

அப்புறம் ஓரங்களைப் பார்த்தார். வலது ஓரத்தில் சிஸ்டர். பெரிதாக்கிப் பார்த்தால் இமை மயிர்கூடத் தெரிந்தது, கேமரா அப்படிப்பட்டது. அவள் அத்தானைப் பார்க்கவில்லை, படத்தின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த இடத்தில், இடது ஓரத்தில், மங்கலாக ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும். அகல லென்ஸ் எடுக்கிறவனின் கையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. மணிக்கட்டில் அவருடைய கைக்கடிகாரம்.

வேண்டாததை வீட்டில் வந்து வெட்டு என்று சொன்னவர்தானே? வெட்டினார். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம். அத்தானும் பேனாவும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. கதவளவு பிரிண்ட் போட்டும் ஒரு புள்ளி உடையவில்லை. லேபில் இருந்தவர், "எந்தக் கேமரா சார் இது?" என்று வியந்து கேட்டார். மாமா காதில் விழாததுபோல் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை அக்கா வீட்டில் ஆணியடித்து மாட்டினார். அக்கா பார்த்துவிட்டு முந்திக்கொண்டு வந்த அழுகையை அடக்கியபடி டீ போட உள்ளே போனாள். படுக்கையில் கிடந்த அத்தான் வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு கைவிரலை உயர்த்திப் படத்தின் வலது ஓரத்தைக் காட்டினார்.

"மாப்ளே... சிஸ்டர் எங்க?"

"ஓரத்துல இருந்தாங்க அத்தான். வெட்டிட்டேன்."

அத்தானின் விரல் மெல்ல நகர்ந்து இடது ஓரத்துக்குப் போனது.

"உன் கையையும்... வெட்டிட்டியா?"

மாமா சுத்தியலைப் பிடித்தபடி நின்றார். அத்தான் அன்று எதிரேதானே நின்றிருந்தார்! எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பாதிப் பேச்சு போனவர் மறந்திருப்பார் என்று மாமாதான் தனக்கு வசதியாக நினைத்துக்கொண்டார்.

"அக்காகிட்ட ஏன் அத்தான் சொல்லல?"

"நீ... சொல்லுவேன்னு" என்றார் அத்தான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீ வருவதற்குள் மாமா கிளம்பிவிட்டார்.

சிஸ்டரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஏஜென்சிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் வழியாகப் போனபோது ஒரே நீராவியும் சோப்பு வாசனையும். எதிரெதிராக நின்று இரண்டு பேர் மடிக்க வேண்டிய விரிப்பை அவள் ஒருத்தியாக, ஒரு நுனியை முகவாயில் இடுக்கிக்கொண்டு மடித்தாள். மாமாவைப் பார்த்ததும் விரிப்பைக் கீழே வைத்தாள்.

"ஐயா எழுந்து நிக்கறாரா சார்?" அதுதான் முதலில் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

அவள் தலை குனிந்துகொண்டாள். மாமா வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. "உங்களைப் போகச் சொன்னது நான்தானே. அதை நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றுதான் வந்தது. கேட்டபிறகு, இதிலும் பழியை அவள் தலையில்தானே கட்டுகிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன் சார். நீங்க பாட்டரி மாத்தினீங்க. சரி, அவங்க குடும்பம்னு விட்டுட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமா கொஞ்சம் தேவலையாக உணர்ந்திருப்பார். "ஆனா கையை எடுத்தது நான்தான் சார். ஒரு படம்னு விரலைக் காட்டினீங்க. சரி, ஒரு படம்தானே, க்ளிக்னு சத்தம் வந்ததும் ஓடிப்போய்ப் பிடிச்சுக்கலாம்னு நின்னேன். காதைத் தீட்டிட்டு நின்னேன். சத்தம் வரவே இல்ல. இன்னும் எடுக்கல, இன்னும் எடுக்கலன்னு..."

மாமா பக்கத்தில் இருந்த துணிக்கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அது சத்தம் போடாத கேமரா" என்றார்.

"எனக்குத் தெரியாதே சார்."

பதினொரு படம். முதல் படத்துக்கு அது ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தால், அத்தான் பேனாவை வைப்பதற்குள் அவள் கை பட்டைக்கு வந்திருக்கும். சத்தம் வைக்க வசதி இருந்தது. அணைத்தவர் அவர். மேற்பார்வைக்காரி எட்டிப்பார்க்க, சிஸ்டர் அவசரமாக விரிப்பைக் கையில் எடுத்தாள். மாமா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை மடித்து முடித்தார்கள். அதற்கப்புறம் அவர் வெளியே வந்தார்.

அங்கிருந்து நேராக லேபுக்குப் போய், அதே நாலாவது படத்தை ஓரம் வெட்டாமல் போடச் சொன்னார். வாங்கிக்கொண்டு மதியம் அக்கா வீட்டுக்குப் போனார்.

சமையலறை மேஜையில் படத்தை விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அதான் மாட்டியாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்றவள் வலது ஓரத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "பாரு, நிக்கறதைப் பாரு. கண்ணு எங்கே இருக்கு பாரு. அவரைப் பார்க்க வேண்டியவ எங்கேயோ..."

அவள் விரல் சிஸ்டரின் கண்ணிலிருந்து படத்தின் குறுக்கே நகர்ந்தது. அத்தானைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, இடது ஓரத்துக்கு வந்து நின்றது.

"இது யார் கை?"

மாமா இடது கையை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். அதே கைக்கடிகாரம்தான்.

"நான்தான்க்கா போகச் சொன்னேன். அவங்க மாட்டேன்னு தலையை ஆட்டினாங்க. நான் விடல. பட்டையைப் பிடிச்ச கை படத்துல தெரிஞ்சா நல்லா இருக்காதுன்னு..."

அக்கா உட்கார்ந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்து மூடி தடதடத்தது. இரண்டு பேரும் போய் அணைக்கவில்லை.

"ஆறு வாரம்" என்றாள். "ஆறு வாரமா நான் அவளை வாயில வராத பேச்செல்லாம் பேசிட்டே உனக்குச் சோறு போட்டேன். நீ என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டே."

"ஆமாக்கா."

"'போடுக்கா'ன்னு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டே."

அவர் தலை நிமிரவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். சின்ன வயதில் அவள் அடித்திருக்கிறாள், அடித்த சூட்டோடு சமாதானமும் ஆகியிருக்கிறாள். இப்போது அவள் அடிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். போனை எடுத்து, ஏஜென்சியின் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் படத்தின் மேலேயே வைத்தாள்.

"புகார் எழுதினது நான். தப்பா எழுதிட்டேன்னு நானும் சொல்றேன். ஆனா முதல்ல நீ பேசு."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அத்தான் விழித்திருந்தார். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். மாமா விஷயத்தைச் சொன்னார். எந்த வீடு, எந்த நாள் என்று சொன்னார். அந்த சிஸ்டர் மேல் தப்பே இல்லை, கையை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னார். சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். தொண்டைக்குள்ளேயே அது பாதி நின்றுவிட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், ஒண்ணும் கேக்கலை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, உள்ளறைக் கட்டில் வரைக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னார்.